கேசட்டை மாற்ற ஒன்றரை நாளா? புது கம்ப்யூட்டர் வாங்கும் முன் ஒரு கணக்கு

(நம் சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர இயலாதவர்களுக்காகச் சில விவரங்கள் கூடுதலாகச் சேர்க்கப்பட்டுள்ளன.)



செயற்குழுவின் முன் இப்போது ஒரு கோரிக்கை இருக்கிறது. உறுப்பினர்கள் வீட்டில் இருக்கும் பழைய வீடியோ கேசட்டுகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தரும் வேலையைச் சங்க அலுவலகத்தில் தொடங்கியிருக்கிறோம். இதுவரை 64 கேசட்டுகள் பதிவாகியுள்ளன. ஆனால் ஒரு கேசட்டுக்கு ஒன்றரை நாள் ஆகிறது, இடையில் கரண்ட் போனால் அதுவும் வீண். ஆகவே 90,000 ரூபாய்க்குப் புது கம்ப்யூட்டர் வாங்கலாம் என்பது கோரிக்கை. அந்தத் தொகை நீங்கள் மாதாமாதம் கட்டும் பராமரிப்புப் பணத்திலிருந்து போக வேண்டியது. வாங்குவதா வேண்டாமா என்று கை தூக்கும் முன், அந்த ஒன்றரை நாள் எங்கே போகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. அதைப் பார்க்கும் பொறுப்பைச் செயலாளர் என்னிடம் கொடுத்தார். பார்த்ததை உங்களிடம் ஒப்படைக்கிறேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. பி.காம். முடித்து வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். ஆனால் வேலை எங்கே தேங்குகிறது என்று கண்டுபிடிப்பது எங்களுக்குப் பழகிய விஷயம். அந்தக் காலத்து டோக்கன் முறை உங்களில் பலருக்கு நினைவிருக்கும். செக்கைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும். செக் லெட்ஜருக்குப் போகும், அங்கிருந்து அதிகாரியின் கையெழுத்துக்குப் போகும், கடைசியில் கேஷியரிடம் வரும். கூட்டம் நிற்பது கேஷியர் கூண்டுக்கு முன்னால்தான். எல்லோரும் கேஷியரைத்தான் திட்டுவார்கள். ஆனால் பல நாள் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், செக் லெட்ஜரில் நின்றிருக்கும். அன்று இன்னொரு கேஷியரைப் போட்டாலும் ஒரு டோக்கன்கூட வேகமாகப் போயிருக்காது.

வீடியோ மாற்றுவதும் இப்படிப் பல கவுண்டர் தாண்டிப் போகும் வேலைதான்.

கேசட்டுக்குள் நடக்கும் கணக்கு

முதலில் இரண்டு வேலைகளைப் பிரித்துக்கொள்வோம். ஒன்று, வி.சி.ஆரில் கேசட்டை ஓடவிட்டுக் கம்ப்யூட்டருக்குள் எடுப்பது. 100 நிமிடக் கேசட்டை எடுக்க 100 நிமிடம் ஆகும். எந்தக் கம்ப்யூட்டர் வைத்தாலும் இதைக் குறைக்க முடியாது, ஏனென்றால் டேப் அதன் வேகத்தில்தான் ஓடும். இரண்டாவது, அப்படி எடுத்த பெரிய ஃபைலைச் சுருக்கி, போனிலும் டி.வி.யிலும் ஓடும்படி செய்வது. இதைத்தான் என்கோடிங் என்கிறார்கள். ஒன்றரை நாள் ஆனது இந்த இரண்டாவது வேலைக்கு.

ஏன் சுருக்க வேண்டும்? நம் ஊர் டி.வி. முறையில் ஒரு படத்துக்கு 720க்கு 576, அதாவது 4,14,720 புள்ளிகள். விநாடிக்கு 25 படங்கள். சுருக்காமல் ஒவ்வொரு புள்ளியின் நிறத்தையும் எழுதி வைத்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 112 ஜி.பி. ஆகும். நாம் கேசட்டிலிருந்து எடுக்கும்போது மினி-டிவி கேமராக்களின் முறையில் ஓரளவு சுருக்கி எடுக்கிறோம். அதுவே மணிக்குச் சுமார் 13 ஜி.பி. வரும். இதை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப முடியாது. நன்றாகச் சுருக்கினால் மணிக்கு ஒன்றரை ஜி.பி. அளவுக்குக் கொண்டுவரலாம், கண்ணுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது.

எப்படிச் சுருங்குகிறது? ஒரு கல்யாண வீடியோவை எடுத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை தாலி கட்டுகிறார். பின்னால் இருக்கும் சுவர், வாழை மரம், மாலை எதுவும் அந்தச் சில விநாடிகளில் மாறுவதில்லை. கையும் தலையும்தான் அசைகின்றன. ஆகவே படம் முழுவதையும் திரும்பத் திரும்ப எழுதாமல், "முந்தைய படத்தில் இருந்ததே, இந்தத் துண்டு மட்டும் சற்று வலப்புறம் நகர்ந்தது" என்று எழுதிக்கொள்கிறது மென்பொருள். அதற்காகப் படத்தைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் முந்தைய படங்களில் எங்கே இருந்தது என்று தேடுகிறது. நேரம் முழுக்க இந்தத் தேடலில்தான் போகிறது. எவ்வளவு தூரம் தேடச் சொல்கிறோமோ அவ்வளவு நேரம். தேட வேண்டிய கட்டங்கள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நேரம்.

ஆக, கவுண்டர்கள் இவை: ஃபைலை டிஸ்கிலிருந்து படிப்பது, பிரிப்பது, அழுக்கு நீக்குவது போன்ற ஒப்பனை வேலைகள், தேடிச் சுருக்குவது, டிஸ்கில் எழுதுவது. எந்தக் கவுண்டரில் வரிசை நிற்கிறது என்பதே கேள்வி.

தாமதத்தின் வடிவத்தைப் பாருங்கள்

நாள் முடிவில் வங்கிக் கணக்கு டாலி ஆகவில்லை என்றால் எல்லா வவுச்சரையும் புரட்ட மாட்டோம். முதலில் வித்தியாசத் தொகையைப் பார்ப்போம். அது 9ஆல் மீதியின்றி வகுபட்டால், பெரும்பாலும் யாரோ எண்களை இடம் மாற்றி எழுதியிருப்பார்கள். 720 என்பதை 270 என்று எழுதினால் வித்தியாசம் 450. தவறின் வடிவமே அது எங்கே இருக்கும் என்று ஜாடை காட்டும். என்கோடிங்கிலும் அப்படித்தான்.

விண்டோஸ் கம்ப்யூட்டரில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்று கீகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் என்ற பக்கத்தில் சி.பி.யு., மெமரி, டிஸ்க் மூன்றும் எத்தனை சதவீதம் வேலை செய்கின்றன என்று தெரியும். மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது இதைத் திறந்து வைத்துப் பாருங்கள்.

தொடக்கத்திலிருந்தே மெதுவாகவும் சி.பி.யு. 100 சதவீதத்தை ஒட்டியும் இருந்தால், கம்ப்யூட்டர் சோம்பேறி இல்லை. நாம் கொடுத்த வேலைதான் அதிகம். அமைப்புகளைப் பார்க்க வேண்டும்.

முதலில் வேகமாகப் போய், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தளர்ந்தால், பெரும்பாலும் சூடு.

சி.பி.யு. 25, 30 சதவீதத்தில் நிற்கிறது, டிஸ்கும் சும்மா இருக்கிறது, ஆனால் வேலை நகரவில்லை என்றால், ஒப்பனை வேலைகளில் ஏதோ ஒன்று தடுக்கிறது. நான்கு கோர் உள்ள பிராசசரில் ஒரே ஒரு கோர் மட்டும் முழு மூச்சாக உழைத்தால் மொத்தக் கணக்கில் 25 சதவீதம்தான் காட்டும். நாலு பேர் உட்கார்ந்த செக்‌ஷனில் ஒருவர் மட்டும் எழுதுகிறார், மற்ற மூவர் அவர் தாளை நீட்டுவதற்காகக் காத்திருக்கிறார்கள்.

மெமரி நிரம்பி டிஸ்க் 100 சதவீதத்தில் துடித்தால், இடமில்லாமல் கம்ப்யூட்டர் தன் வேலையை டிஸ்கில் மாற்றி மாற்றி வைத்துக்கொள்கிறது என்று அர்த்தம். பிரவுசரில் திறந்து வைத்த இருபது பக்கங்களை மூடினாலே பாதி சரியாகிவிடும். மெமரி காலியாக இருந்தும் டிஸ்க் மட்டும் 100 சதவீதம் என்றால், அந்த ஹார்டு டிஸ்க் பழுதாகத் தொடங்கியிருக்கலாம். அன்றே அதில் இருப்பதற்கு நகல் எடுத்துவிடுங்கள்.

சங்க அலுவலகத்தில் நடந்தது

இப்போது நம் கணக்குக்கு வருகிறேன். நம் குடியிருப்பில் உள்ள ஒரு அம்மா கொடுத்த கேசட், அவருடைய மணிவிழா வீடியோ. 100 நிமிடம். அவர் கணவர் இன்று இல்லை. அவர் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசியது அந்தக் கேசட்டில் மட்டும்தான் இருக்கிறது. "சார், படம் மங்கலா இருந்தாலும் பரவாயில்லை, அவர் குரல் வந்தா போதும்" என்றார் அந்த அம்மா. அதை எடுத்தாகிவிட்டது. சுருக்கும்போது மூன்று முறை நடுவில் கரண்ட் போய்விட்டது. எம்.பி.4 ஃபைலில், எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வேலை முடிந்த பிறகுதான் கடைசியில் எழுதுவார்கள். நடுவில் நின்றால் இருபது மணி நேரம் ஓடியிருந்தாலும் ஃபைல் திறக்காது.

நாம் பயன்படுத்துவது ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள். அதில் முழு கேசட்டையும் கொடுக்காமல் நேரத்தைக் குறிப்பிட்டு ஒரு பகுதியை மட்டும் கொடுக்க வழியிருக்கிறது. ரேஞ்ச் என்ற இடத்தில் செகண்ட்ஸ் என்று தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு நிமிடத்தை மட்டும் கொடுத்துப் பார்த்தோம். 22 நிமிடம் ஆயிற்று. அப்படியானால் 100 நிமிடத்துக்கு 2,200 நிமிடம், அதாவது 36 மணி 40 நிமிடம். ஒன்றரை நாள் என்றது சரியான கணக்குதான். சி.பி.யு. 100 சதவீதம். வேலைப்பளுதான் காரணம் என்று தெரிந்துவிட்டது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு அமைப்பை மட்டும் மாற்றி, அதே ஒரு நிமிடத்தைத் திரும்ப ஓட்டினோம். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போய்விடும்.

முதல் மாற்றம், படத்தின் அளவு. பெரிய டி.வி.யில் நன்றாகத் தெரியட்டும் என்ற நல்லெண்ணத்தில், நமக்கு உதவும் கல்லூரித் தம்பி 4கே அளவில் வைத்திருந்தார். 4கே என்றால் 3840க்கு 2160, அதாவது 82,94,400 புள்ளிகள். கேசட்டில் இருப்பது 4,14,720. கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள், மிகச் சரியாக 20 மடங்கு. கேசட்டில் இல்லாத 19 பங்கு புள்ளிகளைக் கம்ப்யூட்டர் ஊகித்து நிரப்பி, பிறகு அவற்றையும் தேடிச் சுருக்குகிறது. இதனால் முகத்தில் ஒரு கோடுகூடக் கூடுதலாகத் தெரியாது. சிறிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை உங்கள் டி.வி.யே ஓடும்போது செய்துகொள்ளும். அளவை 720க்கு 576 என்று திரும்ப வைத்ததும் 22 நிமிடம் 4 நிமிடமாகக் குறைந்தது. தம்பியிடம் சொன்னதும், "அங்கிள், 4கேன்னா நல்லதுன்னுதான் நினைச்சேன்" என்று சிரித்தார். விளம்பரங்கள் நம் எல்லோரையும் அப்படித்தான் நினைக்க வைத்திருக்கின்றன.

இரண்டாவது, புள்ளி நீக்கும் ஒப்பனை. பழைய வி.எச்.எஸ். படத்தில் மணல் தூவியது போல் புள்ளிகள் ஆடும். இவை சுருக்கலுக்கும் எதிரி, ஏனென்றால் ஒவ்வொரு படத்திலும் வேறு வேறு இடத்தில் இருக்கும், முந்தைய படத்தில் தேடினால் கிடைக்காது. ஆகவே ஓரளவு நீக்குவது நல்லதே. டீநாய்ஸ் என்ற இடத்தில் இரண்டு முறைகள் உண்டு. என்.எல்.மீன்ஸ் என்பது மிக நுணுக்கமானது, மிக மெதுவானது. எச்.க்யூ.டி.என்.3டி என்பது எளியது, வேகமானது. முதலாவது அதிகபட்ச அளவில் இருந்தது. அந்த அளவில் வைத்தால் முகம் மெழுகு பொம்மை போலாகிவிடும். இரண்டாவதற்கு மாற்றி லேசாக வைத்தோம். 4 நிமிடம், 1 நிமிடம் 10 விநாடியாயிற்று.

மூன்றாவது, என்கோடர் பிரீசெட் என்ற நகர்த்துப் பட்டை. அதில் மிக வேகம் முதல் மிக மெதுவு வரை படிகள் உண்டு. இங்கேதான் பலருக்கு ஒரு குழப்பம். மெதுவாக வைத்தால் படம் அழகாகும் என்று நினைக்கிறோம். படத்தின் தரத்தை முக்கியமாக முடிவு செய்வது பக்கத்தில் இருக்கும் ஆர்.எஃப். என்ற எண். எண் குறையக் குறையத் தரம் கூடும், ஃபைலும் பெரிதாகும். கேசட் அளவுப் படத்துக்கு 18 முதல் 22 வரை வைத்தால் போதும். பிரீசெட் என்பது ஏறக்குறைய அதே தரத்தை எவ்வளவு சிறிய ஃபைலில் அடைக்கப் பாடுபடுவது என்பதைத்தான் சொல்கிறது. கடைசிப் படிகளில் நேரம் பல மடங்கு கூடும், ஃபைல் கொஞ்சம்தான் குறையும். ஸ்லோயர் என்பதிலிருந்து மீடியம் என்ற படிக்குக் கொண்டுவந்தோம். 35 விநாடி.

நான்காவது, சுருக்கும் முறை. எச்.264 என்பது 2003இல் வந்தது. எச்.265 2013இல் வந்தது. ஏவி1 2018இல் வந்தது. புதிது வர வர அதே தரத்துக்கு ஃபைல் சிறிதாகும், ஆனால் கணக்கு வேலை அதிகமாகும். 4கே படத்துக்கு எச்.265 பொருத்தம். கேசட் படமோ சிறியது, எச்.264இலேயே மணிக்கு ஒன்றரை ஜி.பி.தான் வருகிறது. அதோடு உறவினர் வீட்டுப் பழைய டி.வி.யிலும் அது ஓடும். எச்.264க்கு மாற்றினோம். 20 விநாடி.

ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் 22 நிமிடம் 20 விநாடியாயிற்று. இந்த எண்கள் நம் அலுவலகக் கம்ப்யூட்டருக்கு உரியவை. உங்கள் வீட்டில் வேறு எண்கள் வரும், ஆனால் செய்யும் முறை இதுதான்.

டாலி ஆகாத 19 நிமிடம்

இங்கே நிறுத்தியிருந்தால் கதை பாதிதான். நிமிடத்துக்கு 20 விநாடி என்றால் 100 நிமிடத்துக்கு 2,000 விநாடி, சுமார் 33 நிமிடம். முழு கேசட்டையும் ஓடவிட்டோம். 52 நிமிடம் ஆயிற்று. ஒன்றரை நாள் 52 நிமிடமானதே என்று எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் அந்த 19 நிமிடம் உறுத்திக்கொண்டே இருந்தது. கணக்குப் பார்த்துப் பழகியவர்களுக்கு வித்தியாசம் சிறிதாக இருந்தாலும் தூக்கம் வராது.

இன்னொரு கேசட்டைப் போட்டு டாஸ்க் மேனேஜரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். சி.பி.யு. பக்கத்தில் ஸ்பீடு என்று ஓர் எண் இருக்கிறது. தொடக்கத்தில் 3.3 கிகாஹெர்ட்ஸ். பத்து நிமிடம் கழித்து 1.9. சதவீதம் அப்போதும் 100தான் காட்டியது. முழு வேலை செய்கிறது, ஆனால் நடையைத் தளர்த்திக்கொண்டது. பிராசசர் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சூடானால், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஒரு நிமிட மாதிரியில் இது தெரியாது, ஏனென்றால் சூடாக அதற்கு நேரம் போதாது.

நம் கம்ப்யூட்டர் மேசைக்கு அடியில், கதவு போட்ட அறைக்குள் இருந்தது. திறந்து பார்த்தால் விசிறியில் பஞ்சு போல் தூசி. சர்வீஸ் பையனை வரவழைத்துச் சுத்தம் செய்து, பிராசசரின் மேல் காய்ந்துபோயிருந்த பசையை மாற்றினோம். 400 ரூபாய். பெட்டியை வெளியே எடுத்துக் காற்றோட்டமாக வைத்தோம். அடுத்த 100 நிமிடக் கேசட் 35 நிமிடத்தில் முடிந்தது. இரண்டு நிமிட வித்தியாசத்தை நான் விட்டுவிட்டேன்.

வீட்டில் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மெத்தையிலோ மடியில் தலையணை வைத்தோ என்கோடிங் போடாதீர்கள். அடியில் காற்றுப் போகும் வழி அடைபட்டுவிடும். மேசை மேல் வையுங்கள். சார்ஜரைச் செருகி வையுங்கள், பேட்டரியில் ஓடும்போது மின்சாரம் சேமிக்க வேகம் குறையும். சித்திரை, வைகாசி மதிய வெயிலில் போடுவதைவிட இரவில் போடுவது மேல்.

கடைக்காரர்கள் சொல்லும் மூன்று யோசனைகள்

விலைப்பட்டியல் வாங்கப் போனபோது கேட்ட யோசனைகளையும் கணக்கிட்டுப் பார்த்துவிடுவோம்.

ஒன்று, எஸ்.எஸ்.டி. போடுங்கள், பறக்கும் என்பது. எஸ்.எஸ்.டி. நல்ல பொருள், கம்ப்யூட்டர் சட்டென்று திறக்கும். ஆனால் நம் வேலைக்கு? மணிக்கு 13 ஜி.பி. என்றால் விநாடிக்கு 3.6 எம்.பி. நாம் மூன்று மடங்கு வேகத்தில் மாற்றுவதால் விநாடிக்குச் சுமார் 11 எம்.பி. படித்தால் போதும். பழைய யுஎஸ்பி 2.0 வழியே இணைத்த டிஸ்க்கூட நடைமுறையில் 30 எம்.பி. வரை தரும். கேஷியர் சும்மா இருக்கும்போது இன்னொரு கேஷியரைப் போடும் கதைதான் இது.

இரண்டு, பெரிய கிராஃபிக்ஸ் கார்டு. சாதாரணமாக எச்.264 என்று தேர்ந்தெடுத்தால் வேலை முழுவதும் சி.பி.யு.வில்தான் நடக்கும், கார்டு வேடிக்கை பார்க்கும். கார்டில் இருக்கும் தனிச் சுருக்கும் பகுதியைப் பயன்படுத்த வேண்டுமானால் மென்பொருளில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். என்விடியாவில் அதன் பெயர் என்.வி.என்க், 2012 முதல் வருகிறது. இன்டெல் பிராசசர்கள் பலவற்றின் உள்ளேயே குவிக் சிங்க் என்ற பகுதி 2011 முதல் இருக்கிறது. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே அது இருக்கலாம், தனியாக வாங்கத் தேவையில்லை. இவை மிக வேகமானவை. ஆனால் தேடலைக் குறைத்துக்கொண்டுதான் வேகம் பெறுகின்றன, ஆகவே பொதுவாக அதே தரத்துக்கு ஃபைல் பெரிதாகும். நம் பொங்கல் விழா வீடியோவை அன்று மாலையே குழுவில் போட வேண்டுமானால் இதைப் பயன்படுத்துங்கள். வாழ்நாள் முழுக்க வைத்திருக்கப்போகும் கேசட்டுக்கு சி.பி.யு. முறையே போதும்.

மூன்று, புது கம்ப்யூட்டர். அதற்குத்தான் இந்தக் கடைசிக் கணக்கு.

இப்போது வரிசை எங்கே நிற்கிறது?

64 கேசட்டுகள், ஒன்று சராசரி 100 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். பழைய அமைப்பில் என்கோடிங்குக்கு மட்டும் இரவும் பகலும் இடைவிடாமல் ஓட்டினாலும் 97 நாளுக்கு மேல் ஆகும். இப்போதைய அமைப்பில் மொத்தமே 37 மணி 20 நிமிடம். ஆனால் வி.சி.ஆரில் கேசட்டை ஓட்டி எடுக்க 106 மணி 40 நிமிடம் வேண்டும். இப்போது கம்ப்யூட்டர்தான் வி.சி.ஆருக்காகக் காத்திருக்கிறது. 90,000 ரூபாய் கொடுத்து 35 நிமிடத்தை 10 நிமிடமாக்கினாலும் ஒரு கேசட்கூட முன்னதாக முடியாது.

நண்பர்களே, நான் கவலைப்படுவது அந்த வி.சி.ஆரைப் பற்றி. உலகில் கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. இனி வருவதெல்லாம் பழைய கருவிகளும் பழைய உதிரி பாகங்களும்தான். நம்மிடம் இருப்பது ஒரே ஒரு வி.சி.ஆர்., அதுவும் ஓர் உறுப்பினர் பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தது. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். இன்னொரு பக்கம் கேசட்டுகள். நம் ஊர் ஈரக்காற்றில் டேப்பின் விளிம்பில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். பதிவாகியுள்ள 64இல் 9 கேசட்டுகளில் ஏற்கெனவே பிடித்திருக்கிறது. அப்படியே ஓட்டினால் வி.சி.ஆரின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் பரவும். என்கோடிங்கை இந்த ஆண்டு செய்யாவிட்டால் அடுத்த ஆண்டு செய்யலாம், அப்போது கம்ப்யூட்டர் இன்னும் வேகமாகத்தான் இருக்கும். கேசட்டை ஃபைலாக எடுப்பதைத் தள்ளிப்போட முடியாது.

ஆகவே செயற்குழுவுக்கு நான் எழுதிக் கொடுத்த பரிந்துரை இது. புது கம்ப்யூட்டர் வேண்டாம். அதற்குப் பதிலாக நான்கு காரியங்கள். இருக்கும் வி.சி.ஆரை முறையாக சர்வீஸ் செய்து, நல்ல நிலையில் இன்னொரு பழைய வி.சி.ஆர். கிடைத்தால் வாங்கி வைப்பது. அலுவலகக் கம்ப்யூட்டருக்கு ஒரு யுபிஎஸ், கரண்ட் போனால் நடுவில் நிற்காமல் இருக்க. ஒன்றுக்கு இரண்டாக ஹார்டு டிஸ்க், ஒன்று அலுவலகத்தில், ஒன்று வேறொரு பிளாக்கில். பூஞ்சை பிடித்த 9 கேசட்டுகளைத் தெரிந்தவர்களிடம் கொடுத்துச் சுத்தம் செய்வது. எல்லாம் சேர்ந்தாலும் கேட்ட தொகையில் பாதியைத் தொடாது.

உங்களிடமும் சில வேண்டுகோள்கள். கேசட் கொடுக்கும்போது மேலே யார், என்ன விசேஷம், எந்த ஆண்டு என்று எழுதிக் கொடுங்கள். இன்று உங்களுக்குத் தெரிந்த முகங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. சுருக்கிய ஃபைலோடு, முதலில் எடுத்த பெரிய ஃபைலையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்காலத்தில் இதைவிட நல்ல முறை வந்தால் அதிலிருந்துதான் திரும்பச் செய்ய முடியும், சுருக்கியதிலிருந்து இழந்ததை மீட்க முடியாது. கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஃபைலை வீட்டில் முழுதாக ஓட்டிப் பார்த்து, சத்தம் கடைசிவரை படத்தோடு சேர்ந்து வருகிறதா என்று உறுதி செய்த பிறகும், கொஞ்ச காலம் உலர்ந்த இடத்தில் நிற்க வைத்தே வைத்திருங்கள்.

வீட்டில் நீங்களே மாற்றுவதானால் வரிசை இதுதான்: ஒரு நிமிட மாதிரி, டாஸ்க் மேனேஜர், ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், பிறகு முழு கேசட், கடைசியில் கணக்கு டாலி ஆகிறதா என்று ஒரு பார்வை. சந்தேகம் வந்தால் செவ்வாய், வெள்ளி மாலை 5 முதல் 7 வரை சங்க அலுவலகத்தில் இருப்பேன். கல்லூரித் தம்பியும் இருப்பார். இப்போது அவரே என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்.

மணிவிழா வீடியோ அந்த அம்மாவின் கைக்குப் போய்விட்டது. ஐயாவின் குரல் தெளிவாக இருக்கிறது என்றார்கள். மீதி 63 கேசட்டுகளுக்கும் அப்படிச் சொல்ல வேண்டும் என்பதே விருப்பம். அடுத்த பொதுக்குழுவில் பரிந்துரை ஓட்டுக்கு வருகிறது. கணக்கைப் பார்த்து உங்கள் முடிவைச் சொல்லுங்கள்.